சம்பந்திக்கு முதல் சாராயம்

இதை எழுதி வைப்பதற்கு ஒரே காரணம், இனிமேல் வாயால் சொல்ல வேண்டாம் என்பதுதான். எங்கள் வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும், சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வருகிற நேரத்தில், யாராவது ஒருவர் புது மாப்பிள்ளையையோ புது மருமகளையோ என் பக்கம் தள்ளிவிட்டு, “ஜெர்மனியில சாராயம் காய்ச்சின கதையைக் கேளுங்க” என்பார். நானும் சொல்வேன். நடுவில் இரண்டு மூன்று இடங்களில் என் மனைவி திருத்துவாள். (அவள் அப்போது ஜெர்மனியில் இல்லை. எங்களுக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை. இருந்தாலும் திருத்துவாள்.) வயது எண்பதைத் தாண்டிவிட்டது. களைப்பாக இருக்கிறது. இனி யார் கேட்டாலும் இந்தத் தாள்களை நீட்டிவிடுவதாக உத்தேசம்.

நான் பாய்லர் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு கொதிகலனை எப்படிக் குளிர வைப்பது, எப்படித் திறப்பது, உள்ளே எந்த இடத்தில் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது, எத்தனை அழுத்தத்துக்கு எவ்வளவு நேரம் நிறுத்திச் சோதிப்பது என்று இப்போது தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசையாகச் சொல்வேன். ஓய்வுக்குப் பிறகு பென்ஷன், பட்டா மாற்றம், காஸ் இணைப்பு என்று தெருவில் யாருக்கு என்ன நடைமுறை தேவைப்பட்டாலும் என்னிடம்தான் வருகிறார்கள். நடைமுறை தெரிந்தவனுக்கு ஒரு குறை உண்டு. அவன் யாரிடமும் எதையும் கேட்க மாட்டான். கேட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

அறுபதுகளின் கடைசியில், கொதிகலன் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பயிற்சிக்காக என்னை ஜெர்மனிக்கு அனுப்பினார்கள். தெற்கே பாடன் பகுதி. ரைன் சமவெளி முடிந்து மலை ஏறத் தொடங்குகிற இடத்தில் ஒரு கிராமம். தொழிற்சாலை இருந்த ஊருக்கு ரயிலில் போய் வர வேண்டும். கிராமத்தில் எமில் என்பவருடைய வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தேன். எமிலுக்குக் கொஞ்சம் நிலம், இரண்டு பசு, வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம் நிறைய நீல நிறப் பிளம்ஸ் மரங்கள். அந்தப் பழத்தின் ஜெர்மன் பெயரைச் சரியாக உச்சரிக்கவே எனக்கு ஒரு குளிர்காலம் ஆயிற்று. உச்சரித்ததும் எமில் மகிழ்ந்துபோய், இனி மற்றதையும் கற்றுத் தருவதாகச் சொன்னார். மற்றது என்பது சாராயம் காய்ச்சுவது.

நான் வந்தது மதுவிலக்கு அமலில் இருந்த மாநிலத்திலிருந்து. எங்கள் ஊர்ப் பத்திரிகையில் ‘ஊறல்’ என்ற சொல் வந்தால் அடுத்த சொல் ‘கைப்பற்றி அழித்தனர்’ என்றுதான் இருக்கும். இங்கே எமில் தோட்டத்துக்கு நடுவே தனியாக ஒரு கட்டடம் கட்டி, செப்புக் கொப்பரை வைத்து, பீப்பாயில் ஊறல் போட்டு, அதற்குச் சுங்க இலாகாவுக்கு முன்கூட்டியே தகவல் கொடுத்து, இன்ன நாள் இன்ன நேரத்திலிருந்து இன்ன நேரம் வரை காய்ச்சிக்கொள்ளலாம் என்று அனுமதி வாங்கி, வரியும் கட்டி, நிம்மதியாகக் காய்ச்சினார். பரம்பரையாக வந்த உரிமையாம். இவ்வளவு நேர்த்தியான நடைமுறை இருக்கிற ஒரு காரியம் பாவமாக இருக்க முடியாது என்று என் மனசாட்சி உடனே ஒப்புக்கொண்டது. குடிப்பதாக உத்தேசமில்லை. கற்றுக்கொள்வதாகத்தான்.

அந்த வருடத்து ஊறல் சாதாரண ஊறல் அல்ல. எமிலின் ஒரே மகள் கீஸெலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளையின் தகப்பனார் ஓட்டோ, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் இருப்பவர், சுற்று வட்டாரத்திலேயே பேர்போன சாராயக்காரர். மெலிந்த மனிதர். பெரிய மூக்கு, அதன்மேல் தங்க விளிம்புக் கண்ணாடி. நிச்சயம் செய்ய வந்த அன்று எமில் ஊற்றிக் கொடுத்ததை ஒரு வாய் குடித்துவிட்டு, “உன் மரங்கள் நிழலில் நிற்கின்றன, எமில். பழத்தில் தண்ணீர்தான் இருக்கும். அதற்கு நீ என்ன செய்ய முடியும்” என்று ஆறுதல் சொன்னார். எமில் அந்தக் குளிர்காலம் முழுவதும் மரங்களின் கிளைகளைக் கழித்தார். பழம் சுருங்கிக் கறுத்துத் தேன் பிடிக்கும்வரை பறிக்க விடவில்லை. பறித்த பிறகு ஒவ்வொரு பழமாகப் பிரித்து, அழுகலை எறிந்தார். நான்தான் கூடை பிடித்தேன். கல்யாணத்தன்று காலையில், மாதா கோயிலுக்குப் போகுமுன், பெண்வீட்டில் சம்பந்திக்கு ஒரு சிறிய கிளாஸ் ஊற்றிக் கொடுப்பார்கள். ஒரு வருட உழைப்பும் அந்த ஒரு கிளாஸுக்காகத்தான். எமில் வாய் திறந்து சொல்லவில்லை. ஆனால் கொட்டகைப் பூனைக்குக்கூடத் தெரிந்திருந்தது.

எனக்கு அது மிக நன்றாகப் புரிந்தது. தஞ்சாவூரில் என் அக்கா கல்யாணத்தில், விடியற்காலைக் கூட்டத்தில் யாரோ கவனமில்லாமல் சம்பந்திக்கு இரண்டாம் டிகாக்‌ஷன் காபியைக் கொடுத்துவிட்டார்கள். அவர் ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். “எங்களை இங்க எந்த இடத்துல வச்சிருக்கீங்கன்னு தெரிஞ்சுபோச்சு” என்றார். அவ்வளவுதான். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருக்க, என் அப்பா கையில் புதிதாக இறக்கிய முதல் டிகாக்‌ஷனோடு அவர் பின்னால் மண்டபத்தைச் சுற்றி வந்தார். அப்பாவின் அப்போதைய முகத்தை நான் மறக்கவில்லை. அக்காவின் மாமனாரும் கடைசிவரை அந்தக் காபியை மறக்கவில்லை.

இந்த இரண்டு கல்யாணங்களும் என் தலைக்குள் ஒன்றோடொன்று கலந்ததுதான் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் காரணம்.

காய்ச்ச வேண்டிய நாள் நெருங்கியபோது, எமில் ஊறல் பீப்பாயைத் தனியாக நகர்த்தப் பார்த்துக் குடலிறக்கம் வந்து படுத்துவிட்டார். ஊர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். நான் பார்க்கப் போனபோது வலியைவிடத் தேதியைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். சுங்கத்தில் சொன்ன நாள் சொன்னதுதான். புதிதாகத் தேதி வாங்கிக் காய்ச்சுவதற்குள் ஊறல் கெட்டுவிடும். காய்ச்சிய பிறகும் கல்யாணத்துக்கு முன் சில வாரம் பாட்டிலில் நிற்க வேண்டும். ஓட்டோவைக் கூப்பிட்டால் வந்து காய்ச்சிக் கொடுப்பார் என்று பக்கத்துக் கட்டில்காரர் யோசனை சொன்னார். எமில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நான் செய்கிறேன் என்றேன்.

“ஹெர் இன்ஜினியர், நீங்க எப்பவாவது கொப்பரையைப் பத்த வச்சிருக்கீங்களா?” என்று கேட்டார் எமில். (அவர் பேசியது மலையடிவாரத்து ஜெர்மன். எனக்கு அது இப்போது தமிழில்தான் நினைவிருக்கிறது.)

மணிக்கு இருபது டன் நீராவி தரும் கொதிகலனைப் பற்ற வைத்திருக்கிறேன் என்றேன். எமில் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். மருந்தின் மயக்கம் என்று நினைத்தேன். பிறகு நிதானமாகச் சொன்னார். இரண்டு தடவை காய்ச்ச வேண்டும். முதல் தடவை எல்லாம் ஒன்றாக வரட்டும். இரண்டாம் தடவை முதலில் வருவது, நடுவில் வருவது, கடைசியில் வருவது, மூன்றையும் தனித்தனியாகப் பிடிக்க வேண்டும். கலக்கவே கூடாது. எப்போது மாற்றுவது என்று மூக்கு சொல்லும். வேறு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன்.

காய்ச்சும் நாளில் எமிலின் மனைவி ஹெர்மினே பாட்டில்களையும் பெரிய தகரக் கேன் ஒன்றையும் கொண்டுவந்து வைத்தார். அவர் குடியைத் தொடாத ஒரு பக்திச் சபைக் குடும்பத்தில் பிறந்தவர். கொப்பரை இருக்கும் கட்டடத்துக்குள் காலே வைக்க மாட்டார். வாசலில் நின்றபடி, நல்லதை எமில் பாட்டிலில் அடைப்பார், ஜன்னல் துடைக்கிறதை இந்தக் கேனில் ஊற்றித் தருவார், மீதியை அவர் என்ன செய்வாரோ எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனார். வருடா வருடம் வீட்டு ஜன்னல்களை அவர் அந்தக் கேனில் வருவதை வைத்துத்தான் துடைப்பாராம். கண்ணாடியில் கறையே நிற்காதாம்.

ஆக, மூன்று பங்கு. ஒன்று பாட்டிலுக்கு. ஒன்று ஜன்னலுக்கு. ஒன்று எதற்கும் ஆகாதது. எது எதற்கு என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த எவனுக்கு அதைச் சொல்லித்தர வேண்டும்? முதலில் இறங்குவது சம்பந்திக்கு. இரண்டாவது மற்றவர்களுக்கு. மூன்றாவது தடவை வெந்நீர் விட்டு எடுத்தால் அது சாக்கடைக்கு.

நெருப்பை மிக நன்றாகப் போட்டேன். அதை இன்றும் யாரும் குறை சொல்ல முடியாது. கொப்பரையின் மூட்டுகளில் மாவு பூசி அடைத்தேன். குளிர்நீர் ஓட்டத்தைச் சரிபார்த்தேன். முதல் தடவை காய்ச்சி முடித்துக் கொப்பரையைக் கழுவி, இரண்டாம் தடவைக்கு ஏற்றினேன். செப்புச் சுருளின் வாயிலிருந்து முதல் சொட்டு விழுந்தபோது எனக்கு ஏதோ கோயிலில் நிற்பது போல இருந்தது. மூக்கை வைத்துப் பார்த்தேன். மூக்கு ஒன்றும் சொல்லவில்லை. கம்பவுண்டர் ஊசி போடுமுன் பஞ்சில் தேய்ப்பாரே, அந்த வாசனை. கூடவே சைக்கிள் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டும் பசையின் நெடி தூக்கலாக இருந்தது. கண்ணில் நீர் வந்தது. முதல் டிகாக்‌ஷன் என்றால் நெடி இருக்கத்தானே செய்யும் என்று திருப்திப்பட்டேன்.

மூக்கு ஒத்துழைக்காததால் இன்ஜினியரிங்கை நம்பினேன். மொத்தம் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டு, ஒரே அளவுள்ள மூன்று கண்ணாடி ஜாடிகளை வரிசையாக வைத்து, சமமாக மூன்று பங்கு பிடித்தேன். மூன்றாவது ஜாடி நிரம்பிக்கொண்டிருந்தபோது வாசலில் மொபெட் சத்தம். பச்சைச் சீருடையில் சுங்க அதிகாரி.

சொன்ன நேரத்துக்குள் காய்ச்சுகிறார்களா என்று பார்க்க அவர்கள் இப்படித் திடீரென்று வருவது உண்டு. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். பீப்பாயை எட்டிப் பார்த்தார். என்னை எந்தப் பட்டியலில் சேர்ப்பது என்று யோசித்தார். நான் எமிலின் நிலைமையைச் சொல்லி, என் தகுதியையும் சொன்னேன். அதிகாரி வந்தால் வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்பது நம் ஊர்ப் பழக்கம். முதல் ஜாடியிலிருந்து ஒரு சிறிய கிளாஸில் ஊற்றி இரண்டு கைகளாலும் நீட்டினேன்.

அவர் வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். அங்கேயே நிறுத்தினார்.

“ஜன்னலுக்கா?” என்றார்.

“இல்லை. கல்யாணத்துக்கு” என்றேன் பெருமையாக.

அவர் ஜாடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி ஜாடியைப் பார்த்தார். கிளாஸை மெதுவாக மேஜைமேல் வைத்தார். மணப்பெண்ணுக்குத் தன் வாழ்த்தைத் தெரிவிக்கச் சொல்லிவிட்டு மொபெட்டில் ஏறிப் போய்விட்டார். பணி நேரத்தில் ஒரு சொட்டும் தொடாத அதிகாரி என்று நான் வெகு நாள் அவரை மெச்சிக்கொண்டிருந்தேன். பிற்பாடு நானே அதிகாரியான பிறகு அவரை வேறு விதமாகப் புரிந்துகொண்டேன். அவர் பார்க்க வந்தது நேரத்தையும் வரியையும். சுவை அவர் இலாகாவில் இல்லை. நானும் முப்பது வருடத்துக்கு மேல் ஆலைகளுக்குப் போய்க் கொதிகலனை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். பக்கத்து அறையில் என்ன செய்தார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

முதல் ஜாடியைப் பாட்டில்களில் அடைத்து, தக்கை இறுக்கி, கழுத்தில் ஹெர்மினே கொடுத்த வெள்ளை ரிப்பன் கட்டினேன். நடு ஜாடியைக் கேனில் ஊற்றினேன். மூன்றாவதைத் தோட்டத்து வடிகாலில் கொட்டினேன். கேன் கழுத்துவரை நிறைந்திருப்பதைப் பார்த்து ஹெர்மினே, இந்த வருடம் நிறைய வந்திருக்கிறதே என்றார். எல்லாம் நெருப்புப் போடுகிற விதத்தில் இருக்கிறது என்றேன்.

எமில் வீடு திரும்பினார். நேராக நிலவறைக்குப் போய் ஒரு பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பளிங்கு மாதிரி இருந்தது. தக்கையில் கை வைத்தார். கல்யாணம் வரை ஒரு சொட்டுக்கூட ஆகாது என்று டாக்டர் சொன்னதை ஹெர்மினே மாடிப்படியிலிருந்து நினைவுபடுத்தினார். எமில் பாட்டிலைத் திரும்ப வைத்துவிட்டு, ஓட்டோவோடு சேர்ந்தே திறப்பேன் என்றார். என் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். அந்த ஊரில் அது மாலை போடுவதற்குச் சமம்.

இந்த இடத்தில் சிவஞானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்னோடு பயிற்சியில் இருந்தவர். யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட ஓரிரு வயது மூத்தவர். தொழிற்சாலை விடுதியில் தங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரயில் ஏறி என் அறைக்கு வந்து, நான் வைக்கிற ரசத்தைச் சாப்பிட்டுவிட்டு, இதைவிட விடுதி சூப் பரவாயில்லை என்று சொல்லிப் போவார். எந்த வேலைக்கும் தானாகக் கை நீட்டாதவர். கல்யாணத்துக்கு முன் வீடு முழுக்கத் துடைக்கிற வேலை வந்தபோது, ஒரு ஞாயிறு ஹெர்மினேக்கு உதவியாக ஒரு ஜன்னல் துடைத்தார். அடுத்த ஞாயிறு காலை முதல் ரயிலிலேயே வந்து, மீதி எல்லா ஜன்னலும் தன் பொறுப்பு என்றார். ஹெர்மினே நெகிழ்ந்துபோனார். இந்த வருடத்துத் தண்ணீர் என்ன வாசனையாக இருக்கிறது பாருங்கள், பழத் தோட்டத்தில் நிற்பது போல என்று என்னிடம் சொன்னார். அதையும் என் கைத்திறனுக்குக் கிடைத்த பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மத்தியானம் பின்கட்டுக்குப் போனபோது சிவஞானம் ஏணியின் நடுப் படியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் துணி. மறு கையில் பீங்கான் கோப்பை.

“என்ன சார் இது? ஜன்னல் தொடைக்கிற தண்ணியப் போய்க் குடிக்கிறீங்க?”

“குடிக்கேல்லை ஐசே. சும்மா சுவை பாக்கிறன்.”

“ஒடம்புக்கு ஆகாது சார்.”

“ஓம், ஓம்” என்றார் அவர், மிகுந்த அமைதியோடு.

நல்ல குடும்பத்துப் பிள்ளை, வெளிநாட்டுக் குளிரில் இப்படி ஆகிவிட்டாரே என்று எனக்கு இரவு தூக்கம் வரவில்லை. அவருடைய அண்ணனுக்கு எழுதலாமா என்றுகூட யோசித்தேன்.

கல்யாணத்தன்று காலையில் நல்ல வெயில். பனி பெய்து ஓய்ந்திருந்தது. எமில் வீட்டு ஜன்னல்கள், கண்ணாடியே இல்லையோ என்று நினைக்கும்படி பளபளத்தன. மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். முன்னறையில் இரண்டு குடும்பமும் எதிரெதிரே நின்றன. கறுப்புக் கோட்டில் எமில், வயிற்றுத் தையல்மேல் ஒரு கையை வைத்தபடி. எதிரே ஓட்டோ. சுவரோரம் நானும் சிவஞானமும். ரிப்பன் கட்டிய பாட்டிலை எமில் தன் கையாலேயே திறந்தார். தட்டை நான்தான் ஏந்திக்கொண்டு போனேன். அதோடு விட்டிருக்கலாம். ஓட்டோவின் முன்னால் குனிந்து, “முதலில் இறங்கியது. உங்களுக்காகவே தனியாகப் பிடித்தது” என்று நல்ல இலக்கண சுத்தமான ஜெர்மனில் சொன்னேன்.

ஓட்டோவின் புருவம் கொஞ்சம் ஏறியது. கிளாஸை எடுத்தார். அந்தப் புகழ்பெற்ற மூக்கு அதன்மேல் ஒரு முறை போய்த் திரும்பியது. அவர் கிளாஸை இடது கைக்கு மாற்றினார். தன் கண்ணாடியைக் கழற்றினார். கோட்டுப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அதன் ஒரு முனையைக் கிளாஸில் நனைத்து, முதலில் ஒரு பக்கத்தையும் பிறகு மறு பக்கத்தையும் நிதானமாகத் துடைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எமிலைப் பார்த்தார்.

“நல்லாத் தெரியுது, எமில்” என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். எமில் தன் கிளாஸை முகர்ந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஹெர் இன்ஜினியர், நடுவுல வந்தது எங்கே?”

“ஜன்னலுக்கு.”

“எந்த ஜன்னலுக்கு?”

“எல்லா ஜன்னலுக்கும்.”

அறையில் இருந்த எல்லோரும் ஒரே சமயத்தில் ஜன்னல்களைப் பார்த்தார்கள். வெயில் அவற்றின் வழியே தாராளமாக வந்துகொண்டிருந்தது. இந்தத் தடவை வாசனை நன்றாகத்தான் இருந்தது என்று ஹெர்மினே மெல்லிய குரலில் சொன்னார். அது யாருக்கும் உதவவில்லை. எமில் கோபப்படவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் முகத்தைப் பார்த்தேன். அதே முகம். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மண்டபத்தைச் சுற்றி வந்த என் அப்பாவின் முகம். அன்றைக்காவது அடுக்களையில் இன்னொரு டிகாக்‌ஷன் இருந்தது.

சிவஞானம் என் காதருகே வந்தார்.

“ஐசே, இவை ஏன் இப்பிடி நிக்கினம்?”

நடுவில் வந்ததுதான் நல்லதாம், அதைப் போய் ஜன்னலுக்குக் கொடுத்துவிட்டேன் என்று அவர் காதில் சொன்னேன்.

“அது நல்ல சாமான் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். நான் நினைச்சன், இவை பெரிய ஆக்கள், இதாலதான் யன்னல் துடைக்கிறவை எண்டு.” கொஞ்சம் தயங்கினார். “ஒரு போத்தல் எடுத்து வச்சனான். களவு எண்டு நினைக்காதையும்.”

கூடத்தில் மாட்டியிருந்த தன் ஓவர்கோட்டை நோக்கிப் போனார். உள்பையிலிருந்து, மேலே ‘இருமல் மருந்து’ என்ற சீட்டு ஒட்டிய ஒரு பெரிய பாட்டிலை எடுத்து வந்து எமிலிடம் கொடுத்தார். விளக்கிச் சொல்ல அவருடைய ஜெர்மன் அந்த அளவுக்கு இல்லை, நிலைமையும் அப்படி.

எமில் மூடியைத் திறந்து முகர்ந்தார். கண்ணை மூடினார். திறந்தபோது அவர் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. எழுந்து நின்று, புதுக் கிளாஸ் கொண்டுவரச் சொல்லி, இருமல் மருந்து பாட்டிலிலிருந்து ஓட்டோவுக்கு ஊற்றினார்.

ஓட்டோ அதை வாயில் வைத்துக்கொண்டே நின்றார். எங்கள் அக்கா கல்யாணத்து முகூர்த்தம்கூட அவ்வளவு நேரம் காத்திருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் விழுங்கினார்.

“மோசமில்லை” என்றார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அந்தப் பகுதியில் அதற்கு மேலே பாராட்டு கிடையாது. மாதா கோயில் கோபுரத்தைப் பார்த்தும் அதைத்தான் சொல்வார்கள். பிறகு ஓட்டோ இன்னொரு காரியம் செய்தார். காலிக் கிளாஸை மறுபடி நீட்டினார். சம்பந்தி இரண்டாம் தடவை நீட்டியதை அந்தப் பள்ளத்தாக்கு வெகு காலம் பேசியதாகக் கேள்வி.

மறுநாள் எமில் எனக்கு மூன்றையும் விளக்கினார். முதலில் வருவது ஜன்னலுக்கும் முழங்கால் வலிக்குத் தேய்க்கவும். நடுவில் வருவது மனிதர்களுக்கு. கடைசியில் வருவது அடுத்த கொப்பரைக்கே திரும்பப் போகும். இதை ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்கலாமே என்றேன். இது தெரியாத ஆள் உலகத்தில் இருப்பான் என்று எனக்குத் தெரியாதே என்றார். நான் ஃபில்டர் காபியின் நடைமுறையை விளக்கினேன். முதலில் இறங்குவதுதான் சிறந்தது, சம்பந்திக்கு உரியது என்றேன். எமில் யோசித்தார்.

“அப்போ உங்க ஊர்ல ரெண்டாவதை வச்சுத்தான் ஜன்னல் தொடைப்பீங்களா?”

“இல்லை. அவ்வளவு முக்கியமில்லாத விருந்தாளிகளுக்குக் கொடுப்போம்.”

“அது இன்னும் மோசம்” என்றார் எமில்.

அடுத்த பருவத்திலும் நான் அங்கேதான் இருந்தேன். கொப்பரையடியில் எனக்கு ஒரு முக்காலி போட்டுக் கொடுத்தார்கள். நெருப்பு மட்டும் என் பொறுப்பு. ஜாடிகளின் பக்கம் கை நீட்டினால் எமில் இருமுவார். சிவஞானத்தைத்தான் மூக்குக்காக வரவழைத்தார்கள். அவர் பிற்பாடு அங்கேயே வேலை தேடிக்கொண்டு தங்கிவிட்டார். வருடா வருடம் எமில் வீட்டு ஜன்னல் துடைக்கப் போவதாகக் கடிதம் எழுதுவார்.

நான் ஊருக்குத் திரும்பினேன். வேலை, கல்யாணம், ஒரு பெண். எங்கள் வீட்டில் ஃபில்டரைத் தொட எனக்கு அனுமதி இல்லை. சுமார் முப்பது வருடம் கழித்து என் பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தபோது, சம்பந்தி காபி விஷயத்தை என் மனைவி தன் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். தானே இறக்கி, தானே பால் விட்டு, நுரை பொங்க ஆற்றினாள். சம்பந்தியிடம் கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும் பெண்ணைப் பெற்றவன் செய்ய வேண்டிய காரியம் என்பதால் டபரா டம்ளரை என் கையில் தந்தாள். நான் மண்டபத்து நடுவில் சம்பந்தியிடம் நீட்டினேன். அவர் ஒரு வாய் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

அவர் நிதானமாகத் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அங்கவஸ்திரத்தின் நுனியால் முதலில் ஒரு பக்கத்தையும் பிறகு மறு பக்கத்தையும் துடைத்தார். மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

மண்டபம் முழுவதும் சிரித்தது. மணமேடையில் என் பெண் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினாள். அவள்தான் முந்தின நாளே மாப்பிள்ளை வீட்டாருக்குக் கதையைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் காபி சரியில்லை என்று யாரும் வாயால் சொல்வதில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்கள். கண்ணாடி போடாதவர்களும்.